கேட் செக்கிங்கில் வெள்ளைத் துணி

அந்த யோசனை எனக்குத் தோன்றியது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில், முழங்காலுக்கு நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது. கிருஷ்ணன்கோவில் தாண்டி ஜல்லியில் ஸ்கூட்டி வழுக்கி விழுந்திருந்தேன். பின்னால் உட்கார்ந்து வந்த எதிர்வீட்டு மதினிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளை அவளுடைய அக்கா வீட்டில் விடத்தான் கிளம்பியிருந்தோம்.

மதினி என்றால் சொந்தம் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவர்கள் எல்லாரும் எனக்கு மதினிதான், அவர்கள் புருஷன்மார் எல்லாரும் அண்ணன்தான். இவள் ஆலங்குளம் ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தறியிலிருந்து வருகிற வெள்ளைத் துணியைச் சலவைக்குப் பிறகு வெட்டி, உருட்டி, பேப்பரில் சுற்றுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உருட்டல்தான்.

நர்ஸ் கையில் இருந்த உருளையைப் பார்த்ததும் மதினி முகத்தில் ஒரு முதலாளிக் களை வந்தது.

"இது எங்க கம்பெனிது மாதிரி இருக்கு. நானே உருட்டுனதாக்கூட இருக்கும்."

"அப்ப நீயே கட்டி விடு மதினி."

"உருட்டத்தான் கூலி. கட்டுறதுக்கு இல்ல."

நர்ஸ் சிரித்தாள். மதினியை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். மதினி உட்காரவில்லை. நான் சொன்னேன், உட்காரவில்லை. டாக்டரே எட்டிப் பார்த்து உட்காருங்கம்மா என்றார். அப்போதும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் குனிந்து என் காதில் சொன்னாள்.

"நான் தூரம்ட்டி. வச்சிருந்த துணி நீ விழுந்த விழுகையில நகண்டு போச்சு. உக்காந்து எந்திரிச்சேன்னா நாற்காலி காட்டிக் குடுத்துரும்."

என்ன துணி என்று கேட்டேன். அண்ணனுடைய பழைய கைலி என்றாள்.

நான் என் முழங்காலைப் பார்த்தேன். சுத்தமான, வெளுத்த, கொதிக்க வைத்த துணி, அடுக்கடுக்காக. ஊரில் யாருக்கோ முட்டி தேய்ந்தால் அதற்கு இவள் கையால் உருட்டிய துணி. இவளுக்குக் கைலிக் கிழிசல். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு யோசனையும் வந்தது. இதே பேண்டேஜ் துணியில் துவைத்துப் பயன்படுத்துகிற பேட் தைத்தால் என்ன?

அக்கா வீட்டுப் பயணத்தை விட்டுவிட்டு, ஸ்கூட்டியை அங்கேயே மெக்கானிக்கிடம் போட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வரும்போது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். கடையில் விற்கிற பேட் ஏன் வாங்குவதில்லை? மளிகைக்கே இழுத்துப் பறிக்கிற மாசத்தில் முதலில் வெட்டு விழுவது அதுக்குத்தான் என்றாள். பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கொடுக்கிறார்களே, அதில் எடுக்கலாமே? மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பிள்ளைக்கே போதாது. அதுல பங்குக்கு வேற போவாகளா?" சரி, கம்பெனியில் வாங்கித் தரலாமே?

"நல்லாத் தருவாக. ஒரு தடவ எவளோ பேடைக் கக்கூஸ்ல போட்டு அடைச்சுக்கிட்டுது. போடுறதுக்குத் தொட்டி இல்ல, அவ என்ன செய்வா? குத்துக் கம்பி வச்சு எடுத்தவன் அதக் கொண்டாந்து ஷெட்டு நடுவுல போட்டுட்டான். மேனேஜர் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, யாரு யாருன்னு கேக்காரு. யாரு சொல்லுவா? அதுலருந்து எல்லாரும் துணிதான். அலசிப் பிழிஞ்சு கவர்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்."

இத்தனையையும் பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழாதபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் பஸ்ஸை நிறுத்தி இறங்கிக் கத்த வேண்டும் போலிருந்தது.

கல்லூரிக் கூட்டாளிகள் குரூப்பில் அன்றைக்கே போட்டேன். உதவி கேட்டேன். உடனே பயங்கர உற்சாகம். ஒரு வாரம் முழுக்கப் பேச்சு. எதைப் பற்றி? பெயர் என்ன வைக்கலாம், லோகோவில் பூ வேண்டுமா துளி வேண்டுமா. ஒருத்தன் தேதியை ஞாபகப்படுத்துகிற ஆப் செய்து தருகிறேன் என்றான். மதினியிடம் இருப்பது பட்டன் போன், அதிலும் ஒரு பட்டன் வேலை செய்யாது. கடைசியாக ஒருத்தி, "பயனாளி கையில பிடிச்சிருக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, ஸ்பான்ஸர் பிடிச்சுரலாம்" என்று எழுதினாள். குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பேண்டேஜ் துணியை ராஜபாளையத்தில் மருந்து மொத்தக் கடையிலிருந்து வாங்கி வந்தேன். அது வலை மாதிரி இருக்கும். தைக்கிற இடமெல்லாம் பிரிந்தது. முதலில் தைத்தது ஒரு துவையலில் கயிறாகிவிட்டது. உள்ளே துண்டுத் துணி வைத்து, மேலே கீழே பேண்டேஜ் துணியை மடித்து மடித்து அடுக்கி, ஓரத்துக்கு நாடா கொடுத்து, பிரஸ் பட்டனோடு இரண்டு பக்கமும் இறக்கை வைத்துத் தைத்தேன்.

"பரீட்சைக்குப் படிடின்னா தீட்டுத் துணி தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று அம்மா சமையலறையிலிருந்து யாரிடமோ சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மதினி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னட்டி, பறக்குமா?"

"இறக்கையை மடக்கி பட்டன் போடணும்."

"கலர்ல தைக்கலாம்ல? வெள்ளையில கறை தெரியும். கொடியில காயப்போட்டா தெருவே பாக்கும்."

நான் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். கறை தெரிவதுதான் நல்லது, அப்போதுதான் ஒழுங்காக அலசியிருக்கிறோமா என்று தெரியும், அடர் நிறத்தில் அழுக்கு ஒளிந்துகொள்ளும், வெயிலில் விரித்துக் காய வைக்க வேண்டும், இதிலென்ன வெட்கம். மதினி கொட்டாவி விட்டாள். சரி குடு என்று வாங்கிக்கொண்டாள். அவளோடு உருட்டல் செக்ஷனில் இருக்கிற இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

வேலை செய்தது. அதை இன்றைக்கும் நான் சொல்லுவேன், அந்தத் துணி வேலை செய்தது. நகரவில்லை, நனைந்து வெளியே வரவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த மதினி அந்த மாசம் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு கட்டுத் துணி வாங்கி வந்துவிட்டேன்.

நாங்கள் யாருமே யோசிக்காதது கம்பெனி கேட்டைப் பற்றி.

பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று வயர் கூடையைத் திறந்து காட்ட வேண்டும். துணி களவு போகிறதாம். கேட்டில் இருப்பவர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாரும் அவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு ஒன்றே ஒன்று: வெள்ளைத் துணி கண்ணில் பட்டால் நிறுத்து. இத்தனை வருஷமாகக் கைலியும் பழைய சேலையுமாகக் கவரில் சுற்றிப் போன துணியை அவர் கண்டுகொண்டதில்லை. நிறம் இருந்ததால் அது துணியாகவே அவர் கண்ணில் படவில்லை. நானோ பேண்டேஜ் கம்பெனிப் பெண்களுக்குப் பேண்டேஜ் துணியில், வெள்ளை வெளேரென்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே வேலை பார்க்கிற மதினிக்கும் அது உறைக்கவில்லை. கம்பெனிக்குள் வெள்ளை என்பது கண்ணுக்கே தெரியாத நிறமாகிவிடும் போல.

ஒரு சாயங்காலம் மதினி எங்கள் வீட்டுக்குள் வந்து கூடையைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இந்தா ஒன் பறக்குற தட்டு. நீயே வச்சுக்கோ. எனக்குக் களவாணிப் பட்டம் வாங்கிக் குடுத்துட்ட."

மாற்றுக்கு வைத்திருந்த சுத்தமான பேட் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்திருக்கிறது. மிலிட்டரி அதை இரண்டு விரலால் வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். மதினி துணி என்றாள். துணின்னு தெரியுது, என்ன துணி என்றார். மதினி வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தறி ஓட்டுகிற ஆம்பளைகள் பக்கத்து வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி. இது மாதவிடாய்த் துணின்னு."

"அத்தன ஆம்பளைக நடுவுல நீ சொல்லுவியா?"

"நான் சொல்லுவேன்."

"நீ சொல்லுவ. நீ அங்க நாளைக்கும் போயி நிக்க வேண்டாம்ல."

அவளுக்கு அந்த வேலை போனால் வேறு எதுவும் கைவசம் இல்லை. அண்ணனுக்குச் சேத்தூர்ப் பக்கம் கிடைக்கிற கட்டிட வேலை மழை பெய்தால் இல்லை. அதைவிட, களவு போட்டவள் என்று ஒரு கம்பெனியில் நிறுத்தினால் அந்த ரோட்டில் உள்ள எந்தக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். காலையில் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து, "கிளம்பிட்டியா இல்லையா?" என்று அவளே கேட்டாள்.

மேனேஜர் ரூம் கேட்டை ஒட்டியே இருந்தது. மேஜை மேல் என் பேட், சாட்சிப் பொருள் மாதிரி.

"நீங்க யாரும்மா?"

"எதிர்வீடு சார்."

"எதிர்வீட்டுக்கு இங்க என்ன வேலை?"

"இதத் தைச்சது நான்தான். மாதவிடாய்க்கு வைக்கிறது."

மேனேஜர் காலண்டரைப் பார்த்தார். வாசலில் நின்ற மிலிட்டரி ரோட்டைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் அவ்வளவு அவசரமாகப் பார்க்க அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அது சரி" என்றார் மேனேஜர் கடைசியில். "அத நேத்தே இந்தம்மா சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல."

"யாருகிட்ட சார் சொல்ல?" என்றாள் மதினி.

"என் மேல ஒண்ணும் இல்ல" என்றார் மிலிட்டரி. "பார்டர்ல நின்னவன் நான். ஆர்டர்னா ஆர்டர்."

"பார்டர்ல இதத்தான் கடத்துனாகளாக்கும்" என்று மதினி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அழுகிற நிலைமையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

மேனேஜர் அந்தப் பேடை எடுத்தார். எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இப்போது அவர் கையில் இருந்தது வெறும் துணி. வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தை நிமிண்டினார். "இது நம்ம தறித் துணியாச்சே?"

மொத்தக் கடையில் வாங்கினேன் என்றேன். "அங்கயும் நம்ம துணிதான் போகுது" என்றார். அது உண்மை. இந்த ரோட்டில் நெய்து, சலவை செய்து, மதினி மாதிரி யாரோ உருட்டி, லாரியில் ஏற்றி, கடைக்குப் போய், அங்கிருந்து காசு கொடுத்து நான் வாங்கி, தைத்து, மறுபடி இதே கேட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன். களவு இல்லை என்பதற்கு என்னிடம் என் வாயைத் தவிர ஒன்றும் இல்லை. என் வாய் அந்த நேரத்தில் சட்டம், உரிமை, கண்ணியம் என்று புத்தகத் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை.

காப்பாற்றியது என் பேச்சு இல்லை. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "சார், சாயங்காலம் லோடு போகணும், உருட்டுற ஆளு பத்தல" என்றார். மேனேஜர் மதினியைப் பார்த்தார். "சரி, போய் வேலையப் பாரும்மா. இனிமே வெள்ளைத் துணி உள்ள வரப்படாது." பிறகு, பெரிய மனசு பண்ணுகிற குரலில், "அந்த மாதிரி நாள்ல கேட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா செக் பண்ண மாட்டாங்க" என்றார்.

வெளியே வந்ததும் மதினி சொன்னாள்: "அப்ப ஷெட்டுல இருக்கிற அம்புட்டுப் பேரு தேதியும் மிலிட்டரிக்கு மனப்பாடம் ஆயிரும். நல்ல ஏற்பாடு."

ஒருத்தியும் சொல்லவில்லை. ஆனால் மிலிட்டரி தாமாகவே கூச்சப்பட ஆரம்பித்துவிட்டார். கூடைக்குள் கவர் தெரிந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போ போ என்றாராம். "இப்ப ஒரு லாரி லோடே கூடையில கொண்டு போலாம்" என்று பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எப்படியோ ஆபீஸ் ரூம் வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் புது உத்தரவு வந்தது. வயர் கூடை, துணிப் பை கூடாது. பெண்கள் எல்லாரும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையில்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். திறந்து காட்ட வேண்டியதில்லை, யாரையும் சங்கடப்படுத்த வேண்டியதில்லை, பிரச்சினை தீர்ந்தது.

தீர்ந்தது. யார் என்ன குழம்பு கொண்டுவருகிறாள் என்பது முதற்கொண்டு தெரு முழுக்கத் தெரிந்தது. வெள்ளைத் துணி மட்டுமில்லை, கைலிக் கிழிசலையும் இனிக் கொண்டுவர முடியாது. காலையில் வைத்துக்கொண்டு போன துணியோடுதான் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். தொடை உரசிப் புண்ணாகி, மதினி காலை அகட்டி நடந்து வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. "ஒருத்தி சொகுசுக்கு ஊரே கண்ணாடிப் பை தூக்குது" என்று யாரோ முன் சீட்டிலிருந்து சொன்னார்களாம். பேட் வாங்கிய மற்ற இரண்டு பேரும் அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், துவைத்து, மடித்து.

"நின்னுரலாம்னு பாக்கேன்" என்றாள் மதினி. "களவாணின்னு நிறுத்துனா அசிங்கம். நானா நின்னா அது இல்லைல்ல."

நான் விடுவேனா. கலெக்டருக்கு மனு போடலாம், வீடியோ எடுத்துப் போடலாம், முகத்தை மறைத்துவிடலாம் என்று அடுக்கினேன்.

"மூஞ்சிய மறைப்ப. கம்பெனிய எத வச்சு மறைப்ப? அவியளுக்குத் தெரியாதா எவளுன்னு? செத்த நேரம் சும்மா இரு ஏட்டி."

சும்மா இருக்க எனக்கு வராது. மறுநாள் காலையில் அவளோடு வேன் நிற்கிற இடத்துக்குப் போய், டிரைவரிடம் ஆலங்குளம் வரை போக வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி ஏறிவிட்டேன். வேனில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"இதுதானா அந்த டெய்லரு?" என்றாள் முன் சீட்டில் இருந்த பெரிய உடம்புக்காரி ஒருத்தி.

"ஆமாக்கா. நான்தான்."

"எங்களுக்கும் ஒண்ணு தை தாயி. வேலைய விட்டு நிக்க வழி தேடிக்கிட்டுதான் இருந்தேன்."

வேனே சிரித்தது. மதினியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அந்தச் சிரிப்பு ஓயும் முன்னால் நான் கேட்டுவிட்டேன்: உங்களுக்கு என்னதான் வேண்டும்? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் என்றாள் ஒருத்தி. போடுவதற்கு மூடி வைத்த தொட்டி என்றாள் இன்னொருத்தி. எனக்கு என் வயர் கூடை வேணும், குழம்பு கொட்டுது என்றாள் மூன்றாவது ஒருத்தி. அந்தப் பெரிய உடம்புக்காரி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "செக்கிங் இருந்துட்டுப் போகட்டும். அத ஒரு பொம்பள பண்ணட்டும்" என்றாள்.

இவ்வளவுதானா? இத்தனை நாள் இது ஏன் ஒருத்தர் வாயிலும் வரவில்லை என்று எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது. என் வாயிலும்தான் வரவில்லை.

இரண்டு மூன்று நாள் வேனிலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல நேரம் லோடு போகிற நேரம்தான். வருகிற திங்கட்கிழமை சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டும். அன்றைக்கு எல்லாரும் பழைய வயர் கூடையோடு போவார்கள். ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள், ஆனால் மிலிட்டரியிடம் காட்ட மாட்டார்கள். கூச்சல் கிடையாது. பேக்கிங் செக்ஷனில் இருக்கிற பெண்களில் ஒருத்தர் வந்து பார்க்கட்டும், காட்டிவிட்டுப் போகிறோம் என்று மட்டும் சொல்வார்கள். லாரிக்கும் அதே கேட்தான்; அவர்கள் நகராமல் லாரி நகராது.

சொல்ல வேண்டியது மதினி. அதில்தான் இழுபறி. வேலை போனால் முதலில் போவது அவளுக்கு. ஏற்கெனவே அவள் பெயர் கெட்டிருக்கிறது, அதனால் அவளே சொல்லட்டும் என்பது வேன்காரப் பெண்களின் நியாயம். எனக்கு அதைக் கேட்டுக் கொதித்தது. மதினி ஒத்துக்கொண்டுவிட்டாள். "நிக்கத்தான போறேன்னேன். சொல்லிட்டு நின்னாப் போச்சு."

நேற்று எங்கள் சமையலறையில் வைத்து ஒத்திகை. அம்மா மேனேஜராக நின்றாள், கையில் கரண்டியோடு.

"சார், எங்களுக்கு மாசாமாசம்..." என்று ஆரம்பித்து மதினி நிறுத்தினாள். தூரம் என்றால் அவருக்குப் புரியாது என்றாள். பீரியட்ஸ் என்றால் தன் வாயில் ஒட்டவில்லை என்றாள். மாதவிடாய் என்றால் ரேடியோவில் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். அம்மா கரண்டியை ஆட்டி, "எதையாவது சொல்லித் தொலையேன்" என்றாள். ஒரு சொல்லும் முடிவாகவில்லை. அந்த இடத்தில் தன் வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

எனக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அரக்கு, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம், இந்த மூன்றில்தான் இனி மேல்துணி. பேண்டேஜ் துணியின் வாடையே இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் சாயம் போகாத பருத்தித் துணி பார்த்து வாங்கி, ராத்திரிக்குள் வெட்டி வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை நான் கேட்டுக்கு வரக் கூடாது என்று மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வந்தால் பேசிக் கெடுத்துவிடுவேனாம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நிற்கலாம், ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு. அவள் கையைக் காட்டினால் மட்டும் ரோட்டைத் தாண்ட வேண்டும்.